வண்டலூரில் டெலி இணைப்பு லென்ஸ்: கம்பிவலையைப் படத்திலிருந்து மறையச் செய்ய முடியுமா?

செம்போத்து எழுதியது:

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் சென்று வந்தேன். என்னிடம் இருப்பது பானாசோனிக் எஃப்இசட் 200 கேமரா. அண்ணன் மகன் வேலைக்காக வெளியூர் செல்லும்போது, அதன் முன்பக்கத்தில் திருகிப் பொருத்தும் 1.7 மடங்கு டெலி இணைப்பு லென்ஸையும், அதற்கான அடாப்டர் குழாயையும் சேர்த்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். கேமராவின் சொந்த ஜூம் 600 மி.மீ. வரை நீளும், இணைப்பைப் போட்டால் 1020 மி.மீ. ஆகிறது. இவ்வளவு நீளம் கையில் இருந்தால் எந்த விலங்கையும் முகத்துக்கு முகம் பார்ப்பதுபோல் எடுத்துவிடலாம் என்று நம்பித்தான் போனேன்.

மொத்தம் 412 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது வைத்துக்கொள்ளத் தகுந்தவை ஒன்பதுதான் தேறின. ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன். வலைக்கம்பி அடைப்புக்குள் ஒரு சிறுத்தை மரக்கட்டையின் மேல் படுத்து, முன்கால்கள் இரண்டையும் கீழே தொங்கவிட்டபடி நேராக என்னைப் பார்த்தது. கேமராத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் பெரிதாக்கிப் பார்க்கும்போது முகத்தின் இடப்பக்கம் பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்திருக்கிறது. வலது கண்ணுக்கு மேல் சாய்வாக ஒரு சாம்பல் பட்டை ஓடுகிறது. மீசை மயிர் ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை. அகழிக்கு அப்பால் இருந்த வெள்ளைப் புலியின் படங்களோ நீருக்குள்ளிருந்து எடுத்தவைபோல் நெளிகின்றன. சில படங்களின் நான்கு மூலைகளும் கறுத்திருக்கின்றன. எல்லாவற்றையும் தானியங்கி முறையில்தான் எடுத்தேன்.

பிழை இணைப்பு லென்ஸிலா, என்னிடமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இணைப்புதான் காரணம் என்றால் அதைக் கழற்றி வைத்துவிடுகிறேன். மகளுக்குப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் இருப்பதால் மார்கழியில் மீண்டும் ஒருமுறை போக வேண்டியிருக்கிறது.

கருங்குருவி எழுதியது:

இணைப்பைக் கழற்றி வையுங்கள் என்பதே என் கருத்து. கேமராவின் லென்ஸுக்கென்று வடிவமைக்கப்படாத கூடுதல் கண்ணாடிகளை அதன் முன்னால் நிறுத்தும்போது, ஓரங்களில் கூர்மை குறையும். வெளிச்சமான விளிம்புகளில் ஊதாக் கோடு படரும். 600 மி.மீ.யில் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் தேவையான பகுதியை வெட்டியெடுப்பதே நேர்மையான வழி. உங்கள் கேமரா 12 மெகாபிக்சல். 1.7 மடங்குக்கு ஈடாக வெட்டினால் 12-ஐ 2.89-ஆல் வகுக்க வேண்டும். கையில் 4 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் மிஞ்சும். செயல்திட்ட ஏட்டில் ஒட்டுவதற்கும் இணையத்தில் போடுவதற்கும் அது தாராளம். ஓர் இணைப்பைச் சுமந்து திரிந்து, திருகிக் கழற்றி, அதற்குள் விலங்கை விட்டுவிடுவதைக் காட்டிலும் இது மேல் அல்லவா?

ஆலமரத்தடி எழுதியது:

செம்போத்து அவர்களுக்கு வணக்கம். கருங்குருவி சொல்வது திறந்தவெளியில் பறவை எடுப்பவருக்குப் பெரும்பாலும் பொருந்தும். உயிரியல் பூங்காவுக்கு, அதிலும் கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும் விலங்குக்கு, அது பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலில், டெலி இணைப்பில் இரண்டு வகை உண்டு. லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமராக்களில் உடலுக்கும் லென்ஸுக்கும் நடுவே வைப்பது ஒரு வகை. அதில் 1.4 மடங்குக்கு ஒரு ஸ்டாப்பும், 2 மடங்குக்கு இரண்டு ஸ்டாப்பும் ஒளி குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). எஃப்/4 லென்ஸ் எஃப்/5.6 ஆகவோ எஃப்/8 ஆகவோ மாறிவிடும் (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் ஒளி குறைவு). ஏனென்றால் ஒளி நுழையும் முன்வாசல் அப்படியே இருக்க, வந்த ஒளியை மட்டும் அது பெரிய பரப்பில் பரப்புகிறது. உங்களுடையது இரண்டாவது வகை. அது முன்னால் நின்று, தன் அகன்ற கண்ணாடியால் அதிக ஒளியைத் திரட்டி, குறுக்கி, கேமராவின் லென்ஸுக்குள் அனுப்புகிறது. ஆகையால் எஃப்/2.8 ஏறத்தாழ எஃப்/2.8 ஆகவே நிற்கும். 1999-இல் வந்த நிகான் கூல்பிக்ஸ் 950-இன் முன்னால் இத்தகைய 2 மடங்கு இணைப்பைத் திருகிக்கொண்டுதான் நானும் வண்டலூருக்குப் போனேன். 115 மி.மீ. 230 மி.மீ. ஆனது, படமோ வெறும் 2 மெகாபிக்சல். இருந்தும் அந்த முன்வாசல் அகலமானதன் பலனை அன்றே கண்டேன்.

இப்போது கம்பிவலைக்கு வருவோம். லென்ஸின் முன்வாசல் என்று சொன்னேனே, அதன் விட்டத்தைக் கணக்கிடுவது எளிது: உண்மையான குவிய நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் போதும். 600 மி.மீ. என்று நாம் சொல்வது ஃபிலிம் கேமராவுக்கு ஈடான கணக்கு. உங்கள் கேமராவின் உண்மையான நீளம் 108 மி.மீ. அதை 2.8-ஆல் வகுத்தால் 38.6 மி.மீ. இணைப்போடு 184 மி.மீ. ஆகிறது; 2.8-ஆல் வகுத்தால் 66 மி.மீ. லென்ஸ் விலங்கைப் பார்ப்பது ஊசித்துளை வழியாக அல்ல, இந்த அகலமுள்ள சாளரம் வழியாக என்று எண்ணிக்கொள்ளுங்கள். 3 மி.மீ. கம்பியொன்று அந்தச் சாளரத்தின் குறுக்கே போனாலும், அதன் இரு பக்கமும் வழிந்து வரும் ஒளியால் விலங்கு முழுதாகத் தெரியும். கம்பி மங்கலாகக் கரைந்து பரவிவிடும்.

எந்த அளவுக்குப் பரவும் என்பது விலங்கு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பார்வையாளர் தடுப்பு இருப்பதால் வலையை ஒட்டி நிற்க முடியாது. வலை உங்களிடமிருந்து 1.5 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலங்கு 3 மீட்டரில், அதாவது வலையைப்போல் இருமடங்கு தொலைவில் இருந்தால், கம்பியின் மங்கல் சாளரத்தின் அகலத்தில் பாதிதான் பரவும். 6 மீட்டரில் இருந்தால் முக்கால் பங்கு பரவும். வலைக்கண்ணின் அகலம் 50 மி.மீ. என்றால், ஒரு கம்பியின் மங்கல் அடுத்த கம்பியின் மங்கலைத் தொட 50 மி.மீ. பரவியாக வேண்டும். அப்படித் தொட்டுவிட்டால் வலை கட்டங்கட்டமாகத் தெரியாமல், படம் முழுவதும் ஒரே சீரான மெல்லிய திரையாகிவிடும். 66 மி.மீ. சாளரத்தில் இது 6 மீட்டருக்குச் சற்று மேல் நிகழ்ந்துவிடுகிறது. 38.6 மி.மீ. சாளரத்தில் விலங்கு எவ்வளவு தள்ளிப் போனாலும் நிகழாது. ஏனெனில் சாளரமே 50 மி.மீ. இல்லை. பிறகு நீங்கள் எவ்வளவு வெட்டியெடுத்தாலும் அந்தப் பட்டைகளும் கூடவே பெரிதாகி வரும். நீளத்தை வெட்டிப் பெறலாம். சாளரத்தை வெட்டிப் பெற முடியாது.

ஆகவே உங்கள் சிறுத்தைப் படத்தைக் கெடுத்தது இணைப்பு அல்ல என்று நினைக்கிறேன். படத்தின் விவரத்தில் எஃப் எண் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். வலையின்மேல் வெயில் விழுந்திருந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

செம்போத்து எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. பார்த்தேன். எஃப்/5.6, ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100 என்று இருக்கிறது. வெயில் வலையின் இடப்பாதியில் நன்றாக விழுந்திருந்தது. பகல் பன்னிரண்டு மணி. இணைப்பின் முன்கண்ணாடியை அளவுகோல் வைத்து அளந்தேன். சட்டத்தை நீக்கிக் கண்ணாடி மட்டும் 62 மி.மீ. வருகிறது, 66 இல்லை.

ஆலமரத்தடி எழுதியது:

அளந்து பார்த்தது நல்லது. அப்படியானால் உங்கள் சாளரம் 62 மி.மீ. தான், எஃப்/2.8 என்பது எஃப்/3 ஆகிறது, அது பொருட்படுத்த வேண்டாத இழப்பு. வலை கரைவதற்கு 6 மீட்டர் போதாது. 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் எடுத்தது எஃப்/5.6-இல். அங்கே சாளரம் 33 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டது. தானியங்கி முறை வெளிச்சத்தைக் கண்டதும் துவாரத்தைச் சுருக்கிவிட்டது. வலை இருப்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் கண்ணுக்கு மேல் பட்டை தெளிவாக ஓடுகிறது. இனிமேல் துவார முன்னுரிமை முறையில், அதாவது ஏ என்ற எழுத்தில் சக்கரத்தை வைத்து, எஃப்/2.8-ஐ விட்டு நகராதீர்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு ஷட்டர் வேகம் 1/3200 வரை தானே போய்விடும். மரநிழலில் 1/400 அளவில் கிடைக்கும். 1020 மி.மீ. நீளத்துக்கு 1/1000-க்குக் குறையாத வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. கேமராவில் அதிர்வுத் தடுப்பு இருப்பதால் உங்கள் கை நடுக்கத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் குரங்கின் தலையசைப்பை எந்தத் தடுப்பும் நிறுத்தாது. ஆகவே நிழலில் ஐஎஸ்ஓவை 200 அல்லது 400-க்கு உயர்த்தத் தயங்க வேண்டாம்.

பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்தது வெயிலின் வேலை. நிழலில் இருக்கும் கம்பி ஒளியை மறைக்க மட்டுமே செய்கிறது, 50 மி.மீ. கண்ணும் 3 மி.மீ. கம்பியும் உள்ள வலையில் அப்படி இழப்பது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். வெயிலில் மின்னும் கம்பியோ தன் வெளிச்சத்தையும் படத்தின்மேல் பூசுகிறது. வலை முழுமையாகக் கரைந்தாலும் அந்தப் பூச்சு கரையாது. ஆகவே விலங்கைத் தேடுவதற்கு முன் வலையில் நிழல் விழும் பகுதியைத் தேடுங்கள். துருவேறிக் கறுத்த வலை, புதிதாக வெள்ளிப் பூச்சு அடித்த வலையைவிட ஒளிப்படக்காரனுக்கு ஆயிரம் மடங்கு நல்லது.

கருங்குருவி எழுதியது:

கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். வலை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். நான் பெரும்பாலும் ஏரிகளில் படம் எடுப்பவன் என்பதால் இதை யோசிக்கவில்லை. ஆனாலும் அகழிக்கு அப்பால் இருக்கும் புலிக்கு வலை இல்லையே. அங்கே என் வாதம் நிற்கும் அல்லவா? அத்துடன் இன்று நிகான் பி900 போன்ற கேமராக்கள் இணைப்பே இல்லாமல் 2000 மி.மீ. தருகின்றனவே?

ஆலமரத்தடி எழுதியது:

அகழி அடைப்புகளில் உங்கள் வாதம் பாதி நிற்கும். பி900-இன் உண்மையான நீளம் 357 மி.மீ., முழு ஜூமில் எஃப்/6.5, சாளரம் 55 மி.மீ. ஆகவே வலையைப் பொறுத்தவரை அதுவும் மோசமில்லை. ஆனால் எஃப்/6.5-இல் வரும் ஒளி செம்போத்து அவர்களின் எஃப்/3-ஐ ஒப்பிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மரநிழலில் அது பெரிய வேறுபாடு. மேலும் பூங்காவில் 2000 மி.மீ. தேவைப்படும் தொலைவில் ஒரு விலங்கு இருக்குமானால், நடுவே இருக்கும் காற்றே படத்தைக் கெடுத்துவிடும். வெள்ளைப் புலி நெளிந்ததற்குக் காரணம் அந்தக் காற்றுதான். அதைக் கடலோரம் அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கடலோரம் எழுதியது:

என்னை நினைவுகூர்ந்ததற்கு நன்றி ஐயா. நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணைக்கு ஆண்டு முழுவதும் செல்பவன். வெயிலேறிய மண்ணும் சிமெண்டுத் தளமும் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று மேலே எழும்பும்போது ஒளி வளைந்து வளைந்து வரும். தார்ச்சாலையில் தொலைவில் தண்ணீர் தெரிவதுபோல் தோன்றுகிறதே, அதே காரணம்தான். நம் கண்ணுக்குத் தெரியாத நெளிவும் 1020 மி.மீ.யில் பெரிதாகிவிடும். இதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. பூங்கா காலை 9 மணிக்குத் திறக்கும்போது உள்ளே நுழைந்து, அகழிக்கு அப்பால் இருக்கும் பெரிய விலங்குகளை முதலில் முடித்துவிட வேண்டும். பத்தரைக்கு மேல் மரநிழலில் இருப்பவற்றையும் பறவைகளையும் வைத்துக்கொள்ளலாம். மழை பெய்து மண் நனைந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகை நாட்களிலும் பனி விழும் மார்கழி, தையிலும் காற்று தெளிவாக இருக்கும். சித்திரை, வைகாசியில் நான் 300 மி.மீ.க்கு மேல் போவதே இல்லை.

இன்னொன்று. இணைப்பைப் பழக வேண்டுமானால் முதலைகளிடம் வாருங்கள். சதுப்பு முதலை வாயைத் திறந்தபடி உடலின் சூட்டைத் தணித்துக்கொண்டு அரைமணி நேரம்கூட அசையாமல் கிடக்கும். பல்லின் ஓரத்தில் காய்ந்த பாசி, கண்ணின் நெடுங்குத்தான பாவை, கழுத்தருகே செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே ஒட்டிய மணல் ஆகியவற்றை வைத்துக் குவியத்தைச் சரிபார்க்கலாம். எந்த எஃப் எண்ணில் உங்கள் இணைப்பு கூர்மையாக வேலை செய்கிறது, எந்த ஜூம் அளவுக்குக் கீழே மூலை கறுக்கிறது என்பதையெல்லாம் ஒரே காலையில் கற்றுக்கொண்டுவிடலாம். சுவரின்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்ளவும் வசதி உண்டு.

செம்போத்து எழுதியது:

மூலை கறுப்பதைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? சில படங்களில் மட்டும்தான் அது இருக்கிறது.

கருங்குருவி எழுதியது:

அது எனக்குத் தெரியும். இணைப்பைப் போட்ட பிறகு ஜூமைக் குறைத்திருப்பீர்கள். லென்ஸ் அகலமாகப் பார்க்கத் தொடங்கியதும் இணைப்பின் குழாயே படத்துக்குள் வந்துவிடும். முழு ஜூமுக்கு அருகில் மட்டுமே இணைப்பைப் பயன்படுத்த வேண்டும். விலங்கு அருகில் வந்துவிட்டால் கழற்றுவதைத் தவிர வழியில்லை. இணைப்புக்கும் கேமராவுக்கும் நடுவே யூவி ஃபில்டர் ஏதும் மாட்டியிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். இடைவெளி கூடக்கூட மூலை கறுக்கும். கேமராவின் பட்டியலில் இணைப்பு லென்ஸ் பொருத்தியிருப்பதைத் தெரிவிக்கும் ஓர் அமைப்பு உண்டு. அதை மறக்காமல் மாற்றுங்கள்.

அடாப்டர் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணைப்பின் எடையை அந்தக் குழாய்தான் தாங்குகிறது. குழாய் இல்லாமல், நீண்டு சுருங்கும் லென்ஸின் நுனியிலேயே கனமான இணைப்பைத் திருகியவர்களின் ஜூம் மோட்டார் பழுதானதைப் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு கடையில் மிக மலிவான 2.2 மடங்கு இணைப்பு ஒன்றை வாங்கி ஏமாந்தேன். பெட்டியின்மேல் உயர் தெளிவு என்று போட்டிருந்தது. கொக்கின் கழுத்தைச் சுற்றி விரற்கடை அகலத்துக்கு ஊதா நிறம் படர்ந்தது. டெலி இணைப்பு என்றாலே எனக்கு ஏற்பட்ட வெறுப்புக்கு அதுவே காரணம் என்பதை இப்போது உணர்கிறேன்.

மண்டாய் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே விலங்குத் தோட்டம் 1973-இல் திறக்கப்பட்டதிலிருந்தே கம்பிக்குப் பதிலாக அகழியும் நீரும் கண்ணாடியுமாகத்தான் அமைந்திருக்கிறது. ஆகவே எங்கள் சிக்கல் வலையல்ல, கண்ணாடியும் ஈரமும்.

குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கி உடனே கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். தனி லென்ஸ் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். இணைப்பைத் திருகியிருந்தாலோ, இரண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்றில் ஈரம் தங்கி அரைமணி நேரம் ஆனாலும் போகாது. வெளிக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு எல்லாம் சரியென்று நினைத்துக்கொண்டிருப்போம், படமெல்லாம் புகை மூட்டமாக வரும். வாகனத்திலிருந்து இறங்குவதற்கு முன்பே கேமராவையும் இணைப்பையும் தனித்தனியாகப் பையில் வைத்து, பையை மூடியபடியே வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் வையுங்கள். சென்னையிலும் குளிரூட்டிய காரில் வருபவர்களுக்கு இது நேரும்.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் விலங்குக்கு, இணைப்பின் முன்விளிம்பில் ரப்பர் மறைப்பு ஒன்றை மாட்டி, அதைக் கண்ணாடியோடு மெல்ல ஒட்டவைத்து, நேர்க்கோட்டில் எடுங்கள். சாய்ந்து எடுத்தால் தடித்த கண்ணாடி உருவத்தை இரட்டையாக்கும். போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடி பிரதிபலிப்பை நீக்கும் என்பார்கள். அது ஒன்றரை ஸ்டாப் ஒளியையாவது விழுங்கிவிடும் என்பதால் நிழலான அடைப்புகளில் நான் பயன்படுத்துவதில்லை. 1994-இல் தொடங்கிய நைட் சஃபாரியில் ஃபிளாஷ் அறவே கூடாது. அங்கே போகும்போது இணைப்பை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்.

செம்போத்து எழுதியது:

கேமரா சில சமயம் விலங்கை விட்டுவிட்டு வலையிலேயே குவியத்தை வைத்துவிடுகிறது. சிங்கவால் குரங்கு ஒன்றை இருபது முறை முயன்றும் கம்பியின் துரு மட்டுமே கூர்மையாக வந்தது. அதற்கு என்ன செய்வது?

ஆலமரத்தடி எழுதியது:

குவியக் கட்டத்தை மிகச் சிறியதாக்கி, வலைக்கண்ணின் நடுவே வையுங்கள். அப்படியும் தவறினால், விலங்கு இருக்கும் அதே தொலைவில், வலை குறுக்கிடாத இடத்தில் ஒரு கல்லையோ கிளையையோ பார்த்துப் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லத் திரும்பி விலங்குக்கு வாருங்கள். அதுவும் முடியாத இடத்தில் கையால் குவியம் வைப்பதுதான் வழி. குரங்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அதைத் துரத்திக் குவியம் வைக்க வேண்டாம். அது அடிக்கடி வந்து உட்காரும் கிளை ஒன்றைக் கண்டுபிடித்து, அந்தக் கிளையின் பட்டையில் குவியத்தை வைத்துவிட்டுக் காத்திருங்கள். சிங்கவால் குரங்கு கறுப்பு உடலும் வெளிர் பிடரியும் கொண்டது; படம் முழுக்க அதுவே நிறைந்தால் கேமரா ஏமாந்து அதிக ஒளியை விட்டுப் பிடரியை வெளுக்க வைக்கும். ஒளித் திருத்தத்தைக் கழித்தல் திசையில் மூன்றில் இரண்டு பங்கு வையுங்கள். வெள்ளைப் புலி சட்டகத்தை நிறைத்தால் கூட்டல் திசையில் வைக்க வேண்டும். அதே புலி கரும்பச்சைப் புதருக்கு நடுவே சிறியதாகத் தெரிந்தால் மீண்டும் கழித்தல்தான்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோரும் கணக்கையே பேசுகிறீர்கள். விலங்கு நம்மைப் பார்க்காவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? நான் விசில் அடிப்பேன், அல்லது பையன்களைக் கைதட்டச் சொல்வேன். புலி ஒரு நொடி திரும்பும். அந்த நொடி போதும். நல்ல முகப்படங்கள் எல்லாம் அப்படித்தான் கிடைத்தன.

ஆலமரத்தடி எழுதியது:

தம்பி, இதைக் கண்டிப்போடு சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 38ஜே என்று ஒரு பிரிவு உண்டு. உயிரியல் பூங்காவில் எந்த விலங்கையும் சீண்டுவதும், துன்புறுத்துவதும், உணவு கொடுப்பதும், ஒலியாலோ வேறு வழியாலோ தொந்தரவு செய்வதும் அதன்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சென்னை விலங்குக் காட்சிச்சாலை 1855-இல் தொடங்கியது. 1985-இல் வண்டலூருக்கு மாறும் வரை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே, நெரிசலின் நடுவே இருந்தது. அந்தப் பழைய இடத்தில் சிறுவனாக நான் நின்றிருக்கிறேன். கூண்டைச் சுற்றி எல்லோரும் கைதட்டிக் கூவுவார்கள். உள்ளே இருந்த விலங்கு ஒரே பாதையில் போவதும் திரும்புவதுமாக நடந்துகொண்டே இருக்கும். விலங்குகளுக்கு அகழியும் மரநிழலும் ஒதுங்க இடமும் வேண்டும் என்றுதான் அவ்வளவு பெரிய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் போய் அதே கூச்சலைப் போட்டால் என்ன பயன்?

படத்தின் கணக்காகவே பார்த்தாலும், விசிலுக்குத் திரும்பும் முகத்தில் காதுகள் பின்னால் மடிந்திருக்கும், கண்கள் இறுகியிருக்கும். காத்திருந்து பெறும் முகம் அப்படியிராது. டெலி இணைப்பு இருப்பதே தொலைவில் நின்று, அதற்குத் தெரியாமல் பார்ப்பதற்காகத்தான்.

வைகைக்கரை எழுதியது:

சட்டப் பிரிவு எனக்குத் தெரியாது ஐயா. என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். காதுகளைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. இனி அப்படிச் செய்ய மாட்டேன்.

செம்போத்து எழுதியது:

நேற்று, புதன்கிழமை, மகளோடு மீண்டும் போய் வந்தேன். செவ்வாய் பூங்காவுக்கு விடுமுறை என்பதால் மறுநாள் காலையில் விலங்குகள் சற்று அமைதியாக இருக்கக்கூடும் என்று மகள்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள். 9 மணிக்கு வாசலில் நின்றோம். ஒற்றைக்கால் தாங்கி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கியிருந்தேன். முக்காலியை விரித்தால் நடைபாதையில் வருபவர்களுக்கு இடைஞ்சல் என்று அதை எடுத்துச் செல்லவில்லை.

முதலில் வெள்ளைப் புலி. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. அகழிக்கு அப்பால் அது நடந்து வந்தபோது தோள் எலும்பு ஏறி இறங்குவதும், மூக்கின் இளஞ்சிவப்பில் சிறிய கறுப்புப் புள்ளிகள் இருப்பதும் தெரிந்தன, நெளிவே இல்லை. பத்தரை மணிக்குத் திரும்பி வரும்போது அதே இடத்திலிருந்து, அதே அமைப்பில் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கோடுகள் கரைந்து, பழையபடி நீருக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. கடலோரம் சொன்னதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

பிறகு சிறுத்தை. இம்முறை விலங்கைப் பார்க்காமல் வலையைத்தான் முதலில் பார்த்தேன். வலப்பக்க ஓரத்தில் மரநிழல் விழுந்த துண்டு ஒன்று இருந்தது. அங்கே நின்று, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 400 வைத்து, குவியத்தை அது வழக்கமாகப் படுக்கும் கட்டையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். சிறுத்தை முதலில் வலைக்கு அருகிலேயே, 3 மீட்டர் தொலைவில், உலாவிக்கொண்டிருந்தது. எடுத்தேன், கட்டங்கட்டமாகப் பட்டைகள். கணக்குப்படி அப்படித்தான் வர வேண்டும் என்பதால் வருத்தமில்லை. இருபது நிமிடம் கழித்து அது உள்ளே போய்க் கட்டையின்மேல் ஏறியது. என் கணிப்பில் 9 மீட்டர் இருக்கும். கேமராவின் திரையில் வலை இருந்த சுவடே இல்லை. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது எங்களைப் பார்க்கவில்லை. மேலே கிளையில் கத்திக்கொண்டிருந்த அணிலைப் பார்த்தது. வீட்டில் பெரிதாக்கியபோது மீசை மயிர்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அவை முளைக்கும் இடத்தில் வரிசையாக இருக்கும் கறுப்புப் புள்ளிகளும், கண்ணுக்குள் வானத்தின் வெளிச்சமும் தெரிந்தன. படம் முழுவதும் மிக இலேசான வெளுப்பு மட்டும் இருக்கிறது.

சிங்கவால் குரங்கு இம்முறையும் சரியாக வரவில்லை. அது கிளைக்கு வரவேயில்லை. வலையைப் பற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓட்டேரி ஏரிக் கரைக்குப் போய், இணைப்பைக் கழற்றிவிட்டு, கருங்குருவி சொன்னபடி 600 மி.மீ.யில் இரவுக்கொக்குகளை எடுத்து வெட்டிக்கொண்டோம். அங்கே அது நன்றாகவே இருந்தது. மொத்தம் 160 படங்கள். மகள் 31-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அந்த இலேசான வெளுப்பை நீக்க வழியுண்டா?

கருங்குருவி எழுதியது:

உண்டு. அது படம் முழுவதும் சீராக இருப்பதால்தான் நீக்க முடிகிறது. பட்டையாக இருந்திருந்தால் முடியாது. எந்தத் திருத்தும் மென்பொருளிலும் கரும்புள்ளி அளவை, அதாவது எவ்வளவு இருட்டை முழுக் கறுப்பாகக் காட்டுவது என்ற அளவை, சற்று வலப்பக்கம் நகர்த்துங்கள். சிறுத்தையின் கறுப்புப் புள்ளி உண்மையான கறுப்பாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக, எடுத்திருந்தால் இன்னும் நன்றாக வரும். அடுத்த மாதம் நானும் போகிறேன்; என்னிடமுள்ள பழைய 1.5 மடங்கு இணைப்பைத் தேடி எடுத்துவிட்டேன்.

மண்டாய் எழுதியது:

வாழ்த்துகள். நான் தை மாதம் ஊருக்கு வருகிறேன். அந்த நிழல் துண்டில் எத்தனை மணி வரை வெயில் வராமல் இருக்கிறது?

செம்போத்து எழுதியது:

நாங்கள் நின்றபோது 9.50 வரை நிழல் இருந்தது. அதன் பிறகு வெயில் வலையின் கீழ்ப்பாதியில் ஏறத் தொடங்கியது. தையில் கொஞ்சம் மாறக்கூடும், 9.30-க்கு முன் அங்கே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கரும்புள்ளி திருத்தம் செய்து பார்த்தேன், வெளுப்பு போய்விட்டது.